பெயில்அவுட்: முதல் மூச்சு எங்கிருந்து வரும்?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஓப்பன் சர்க்யூட்டில், அதாவது வழக்கமான சிலிண்டர், ரெகுலேட்டர் முறையில், ஆழமான டைவ்கள் பல செய்தவர். இப்போது ரீப்ரீதர், அதாவது விட்ட மூச்சையே சுத்தம் செய்து திருப்பித் தரும் கருவி, வாங்கி அடிப்படைப் பயிற்சியும் முடித்துவிட்டார். அடுத்த சீசனில் மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலுக்கு இறங்க வேண்டும் என்று ஆசை. ரீப்ரீதர் காலை வாரிவிட்டால் எதிலிருந்து மூச்சு விடுவது என்பதில் குழப்பம். வாயிலேயே இருக்கும் பெயில்அவுட் வால்வ் வாங்குவதா, கழுத்தில் தொங்கும் தனி ரெகுலேட்டர் போதுமா? முதுகிலிருக்கும் 2 லிட்டர் டைலுயன்ட் சிலிண்டரை நம்பலாமா? நண்பர் சொல்வதுபோல் மூன்று பேரும் சிலிண்டர்களைப் பங்கு போட்டுக்கொள்ளலாமா? இல்லை, பேசாமல் இரண்டாவது ரீப்ரீதரையே மாட்டிக்கொண்டு போவதா?

சுருக்கமான பதில்: ஹெர்மிஸுக்கு என்றால் வாயில் பெயில்அவுட் வால்வ், உடம்பில் உங்களுக்கே உங்களுக்கென்று இரண்டு சிலிண்டர். பங்கு கிடையாது. இரண்டாவது ரீப்ரீதர் வேண்டாம். இதற்கான காரணங்களைச் சொல்லத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ரீப்ரீதர் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. சாதாரண டைவிங்கில் நாம் விடும் மூச்சு குமிழியாகிக் கடலோடு போய்விடுகிறது. ரீப்ரீதரில் அது வீணாகாது. வாயிலிருந்து குழாய் வழியே போய், சோடா லைம் நிரப்பிய ஸ்க்ரப்பர் என்ற டப்பாவுக்குள் நுழையும். அங்கே கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சப்படும். குறைந்த ஆக்சிஜனைக் கருவி ஈடு செய்யும். அதே காற்று மறுபடி வாய்க்கு வரும். இந்தச் சுற்றுப்பாதைக்குத்தான் லூப் என்று பெயர். ஆழம் எவ்வளவானாலும் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 லிட்டர்தான் என்பதால், இரண்டு சின்ன சிலிண்டர்களை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீருக்குள் இருக்கலாம். ஒன்றில் ஆக்சிஜன். மற்றொன்றில் டைலுயன்ட், அதாவது ஆழம் கூடும்போது லூப்பை நிரப்பிக்கொடுக்கும் காற்றோ கலப்பு வாயுவோ. இந்த லூப்பை விட்டுவிட்டு வேறு மூச்சுக்கு மாறுவதுதான் பெயில்அவுட். நண்பர் ஒருவர் இதை 'ஜாமீன்' என்றுதான் சொல்வார். வெளியே வருவதற்கான வழி என்று பார்த்தால் பொருத்தம்தான்.

கல்குடாவில் ஒருமுறை படகோட்டித் தம்பி எங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டே கேட்டார்: "முதுகில மெஷின் இருக்குத்தானே அண்ணன், பிறகு ஏன் இவ்வளவு சிலிண்டர்?" நியாயமான கேள்வி. திரும்பி வரும்போது அந்தச் சிலிண்டர்களில் காற்று அப்படியே இருந்தால் அது நல்ல டைவ் என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெயில்அவுட் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் முதலில் லிட்டர் கணக்கில் இறங்கிவிடுவார்கள். எத்தனை லிட்டர், எத்தனை பார் அழுத்தம், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று. கணக்கு வேண்டும்தான், நானும் கீழே போடுகிறேன். ஆனால் கணக்குக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. எந்தக் கோளாறுக்காக இந்த ஏற்பாடு?

ரீப்ரீதரில் ஆளைக் கொல்லக்கூடியவை மூன்று. ஆக்சிஜன் குறைவது, ஆக்சிஜன் கூடுவது, கார்பன் டை ஆக்சைடு கூடுவது. முதல் இரண்டையும் சென்சார் காட்டும், திரையில் எண் தெரியும், கையில் அலாரம் அடிக்கும். கவனித்தால் நேரம் கிடைக்கும். கவனிக்காவிட்டால், ஆக்சிஜன் குறைவில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு போய்விடும். ஆக்சிஜன் மிகுந்தால் வலிப்பு வரும். அந்த நிலைக்குப் போன பிறகு நீங்களாகப் பெயில்அவுட் செய்ய முடியாது. எந்த வால்வ் வாங்கினாலும் அந்த நேரத்தில் உங்கள் கை அதைத் திருப்பப் போவதில்லை.

மூன்றாவதுதான் வேறு ரகம். கார்பன் டை ஆக்சைடு ஏறினால் உங்களுக்கு நினைவு இருக்கும். கையும் காலும் வேலை செய்யும். ஆனால் மூச்சு உங்கள் பேச்சைக் கேட்காது. மூச்சை வேகப்படுத்துவது மூளையில் ஆக்சிஜன் குறைவைவிட இந்த வாயுதான். அது ஏற ஏற, 'இன்னும் இழு, இன்னும் இழு' என்பதைத் தவிர வேறு எண்ணமே இருக்காது. ஒரு சிலருக்கு இந்த எச்சரிக்கைகூட இல்லாமல் மயக்கம் வந்துவிடுகிறது, அது தனிக் கதை. இதைக் காட்டிக்கொடுக்கும் சென்சார்கள் சில கருவிகளில் உண்டு. அதை நம்பி மட்டும் யாரும் இறங்கக் கூடாது என்பது என் கருத்து. படகில் உட்கார்ந்து 5 நிமிடம் மூச்சு விட்டுப் பார்க்கும் முன்சோதனை இருக்கிறதே, அதையும் ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். ஸ்க்ரப்பரையே எடுத்துவிட்ட கருவியில் மூச்சு விட்டவர்களில்கூட எல்லோரும் கண்டுபிடிக்கவில்லை. ஓரளவுக்கு மட்டும் கசிவு வைத்தபோது பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே இல்லை.

என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். 28 மீட்டர், அன்றைக்கு இரண்டாவது டைவ், கொஞ்சம் நீரோட்டம். இரண்டு டைவுக்கும் நடுவில் ஸ்க்ரப்பர் டப்பாவைத் திறந்து பார்த்து மூடியிருந்தேன். மூடும்போது ஓ-ரிங், அதாவது கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், சரியாக உட்காரவில்லை. முழுக்க முழுக்க என் தப்பு, கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நங்கூரக் கயிற்றை நோக்கி நீந்தும்போது மூச்சு வாங்கியது. நீரோட்டம் என்று நினைத்தேன். நின்றேன், கயிற்றைப் பிடித்தேன், மூச்சு அடங்கவில்லை. திரையில் ஆக்சிஜன் எண்கள் பளிச்சென்று சரியாக இருந்தன. அந்த எண்களை நான் மூன்று முறையாவது பார்த்திருப்பேன். எண்கள் சரியாக இருப்பதுதான் எனக்குத் தப்பான தைரியம் கொடுத்தது.

அப்புறம் புரிந்தது. வலது கை கழுத்துக்குப் போனது, ரெகுலேட்டர் இருந்தது, பிடித்தேன். இப்போது வாயிலிருப்பதை எடுக்க வேண்டும். வாய் விடமாட்டேன் என்கிறது. மிகைப்படுத்தவில்லை. பல் கடித்துக்கொண்டு இழுக்கிறது, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. கடைசியில் பிடுங்கினேன். மவுத்பீஸின் ஷட்டரை மூடிவிட்டு எடுக்க வேண்டும் என்று நூறு முறை பழகியிருக்கிறேன், மூடவில்லை. லூப்புக்குள் தண்ணீர் போய்விட்டது. ரெகுலேட்டர் வாய்க்கு வருவதற்குள் ஒரு மிடறு கடலும் உள்ளே போனது. இருமிக்கொண்டே இழுத்தேன். நல்ல ரெகுலேட்டர்தான், ஆனாலும் காற்றே வராததுபோல் இருந்தது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு அப்படித்தான் இருக்கும் என்று படித்திருந்தேன். அந்தப் படிப்பு இல்லாவிட்டால் அந்த ரெகுலேட்டரையும் துப்பியிருப்பேன்.

கழுத்திலிருந்து வாய்க்கு இருக்கும் தூரம் ஒரு சாண்கூட இல்லை. அந்த ஒரு சாணைக் கடப்பதில்தான் அன்றைக்கு எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே பெயில்அவுட் ஏற்பாடு எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஒரு விநாடிகூட மூச்சை நிறுத்த முடியாத ஆளுக்கு இது வேலை செய்யுமா?

கரையிலேயே இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும் நாளில், மூன்று மாடிப் படிக்கட்டை ஓடி ஏறுங்கள். மேலே போனதும் நாய் போல் மூச்சு வாங்குமல்லவா, அந்த நேரத்தில் வாயை மூடி ஐந்து விநாடி அடக்கிப் பாருங்கள். ஒரு மவுத்பீஸை மூடி, எடுத்து, மற்றொன்றை வைத்து, அதிலிருக்கும் தண்ணீரை ஊதித் தள்ள ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். படிக்கட்டில் தோற்றால் மூச்சு விட்டுச் சிரித்துக்கொள்ளலாம். படிக்கட்டிலேயே பாதிப் பேர் தோற்பார்கள் என்பது என் அனுபவம்.

பெயில்அவுட் வால்வ், பிஓவி என்பார்கள், இந்த ஒரு சாணை இல்லாமல் செய்துவிடுகிறது. லூப்பின் மவுத்பீஸுக்குள்ளேயே ஒரு சின்ன ரெகுலேட்டர் இருக்கும். ஒரு நெம்புகோலைத் திருப்பினால் லூப் மூடிக்கொள்ளும், அடுத்த மூச்சு சிலிண்டரிலிருந்து வரும். வாயிலிருந்து எதையும் எடுக்க வேண்டியதில்லை. லூப் தானாக மூடிக்கொள்வதால் தண்ணீர் புகாது.

2014 பிப்ரவரியில் நார்வேயின் புளூரா குகையில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஃபின்லாந்திலிருந்து போன ஐந்து டைவர்களில் இரண்டு பேர் திரும்பவில்லை. முதலாமவர் 110 மீட்டர் ஆழத்தில் இடுக்கில் சிக்கி, பதற்றத்தில் மூச்சு வேகமாகி, பெயில்அவுட்டுக்குப் போனார். கூட இருந்தவர் வந்து உதவினார், வாயு இருந்தது, ஆள் இருந்தார். மவுத்பீஸ் மாற்றும்போது தண்ணீரை விழுங்கிவிட்டார். அவ்வளவுதான். லிட்டர் கணக்கு அங்கே தோற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்காகப் பிஓவி குறையே இல்லாத பொருள் என்று சொல்ல வரவில்லை. சாதாரண மவுத்பீஸைவிட எடை கூடுதல். ஒன்றரை மணி நேரத்தில் தாடை வலிக்கும். சில மாடல்களில் லூப்பில் மூச்சு விடுவதே கொஞ்சம் இறுக்கமாகிறது. சிலவற்றில் உள்ளேயிருக்கும் ரெகுலேட்டர் நல்ல தனி ரெகுலேட்டருக்கு ஈடில்லை. 50 மீட்டரில், மூச்சு இரைக்கும்போது, அந்த வித்தியாசம் தெரியும். வாங்கும் முன் இதைத்தான் விசாரிக்க வேண்டும், நிறத்தையோ எடையையோ அல்ல. நெம்புகோல் பாதியில் நின்றாலும் தொல்லை. கையுறை போட்ட கையால், கண்ணை மூடிக்கொண்டு, ஒரே வீச்சில் முழுக்கத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு நுட்பமான ஆபத்தும் உண்டு. மாறுவது சுலபம் என்றால் திரும்பிப் போவதும் சுலபம். கார்பன் டை ஆக்சைடு சந்தேகத்தில் பெயில்அவுட் செய்தவர், இரண்டு நிமிடத்தில் நிதானம் வந்ததும், 'சும்மா பிரமையாக இருக்கும், லூப்புக்கே போய்விடலாம்' என்று நெம்புகோலைத் திருப்பிவிடுகிறார். கூடாது. அந்த டைவில் லூப் செத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிஓவி வாங்கிவிட்டால் அடுத்த கேள்வி, அதற்கு எங்கிருந்து வாயு கொடுப்பது. இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வரும்போதே அது பெரும்பாலும் முதுகிலிருக்கும் டைலுயன்ட் சிலிண்டரோடு இணைத்து வரும். 2 லிட்டர் சிலிண்டர், 200 பார், மொத்தம் 400 லிட்டர். ஹெர்மிஸில் 50 மீட்டரில் அழுத்தம் 6 பார். மூச்சு இரைக்கும் ஆள் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுப்பார் என்று வைத்தால், 6 மடங்கு, நிமிடத்துக்கு 240 லிட்டர். இரண்டு நிமிடம்கூட வராது. அதே சிலிண்டரிலிருந்து விங்குக்கும் (மிதப்பைச் சரிசெய்யும் காற்றுப் பை) லூப்புக்கும் வாயு போயிருக்கும் என்பதையும் கழித்தால் ஒரு நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அந்த ஒரு நிமிடம் வீண் என்று சொல்லவில்லை. அதுதான் படிக்கட்டின் உச்சியில் நின்று மூச்சு வாங்கும் நிமிடம். சில இழுப்பு இழுத்து, புத்தி கொஞ்சம் தெளிந்ததும், பக்கவாட்டுச் சிலிண்டரின் ரெகுலேட்டருக்கு மாறலாம். ஆக, டைலுயன்ட் என்பது ஒரு பாலம். அதையே வீடு என்று நினைத்துக் குடியிருக்கக் கூடாது. பக்கவாட்டுச் சிலிண்டரையே நேராகப் பிஓவிக்கு இணைப்பவர்களும் உண்டு. பாலமே தேவைப்படாது. பதிலுக்கு ஒரு ஹோஸ், ஒரு கழற்றும் இணைப்பு, மூடிக் கிடக்கும் வால்வைத் திறக்க மறக்கும் வாய்ப்பு என்று மூன்று கூடுகிறது. எனக்கு இரண்டாவது முறைதான் பிடிக்கும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஆழத்துக்கான அந்த ஒரு சிலிண்டர் மட்டும்தான் அதில் இணையும். ஸ்விட்ச் வைத்து இரண்டு மூன்று வாயுக்களை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடெல்லாம் மேஜையில் பார்க்க அழகு. புத்தி கலங்கிய நேரத்தில் தப்பான வாயு வாய்க்கு வர அதைவிடச் சுலபமான வழி இல்லை.

இப்போது கணக்கு. ஹெர்மிஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு: விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு வெளியே மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். தரை 53 மீட்டர் அளவில் இருக்கிறது. வாடைக்காற்று ஓய்ந்து கிழக்குக் கடல் அமைதியாகும் மாதங்களில் மட்டும்தான் போக முடியும். மட்டக்களப்புக்காரர்கள் நம்மைச் 'சுழியோடி' என்பார்கள், டைவர் என்பதைவிட எனக்கு அந்தச் சொல் பிடிக்கும்.

50 மீட்டரில் கோளாறு. சுதாரித்து, நண்பருக்குச் சைகை காட்டி, கிளம்ப 3 நிமிடம் ஆகும் என்று வையுங்கள். 40 லிட்டர், 6 பார், 3 நிமிடம்: 720 லிட்டர். அங்கிருந்து 21 மீட்டர் வரை நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறினால் 3 நிமிடத்துக்குச் சற்று மேல். சராசரி அழுத்தம் 4.5 பார் அளவு. அதற்கு 580 லிட்டர். மொத்தம் 1300. '40' என்று சொல்லும் சின்ன அலுமினிய சிலிண்டர் 5.7 லிட்டர், 200 பாரில் 1140 லிட்டர்தான் கொடுக்கும். போதாது. 21 மீட்டர் வருவதற்குள் காலி. '80' சிலிண்டர் 11.1 லிட்டர், 2220 கொடுக்கும். ஆழத்துக்கு அதுதான் வேண்டும்.

21 மீட்டரில் 50 சதவீத ஆக்சிஜன் உள்ள இரண்டாவது சிலிண்டருக்கு மாறுகிறீர்கள். உடம்பில் கரைந்த வாயு வெளியேற மேலே 25 நிமிடம் நிறுத்தங்கள், சராசரி ஆழம் 9 மீட்டர் என்று வைப்போம். நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றால் 950 லிட்டர், '40' சிலிண்டரே போதும் என்று தோன்றும். அதையே 25 லிட்டர் என்று வைத்துப் பாருங்கள்: 1187. தாண்டிவிட்டது. பத்து நிமிடம் முன்னால் சாவைப் பார்த்துவிட்டு வந்த ஆள், இருமிக்கொண்டு, 20 லிட்டரில் நிதானமாக மூச்சு விடுவாரா? அதனால் நான் இரண்டையும் '80' ஆகவே எடுத்துப் போகிறேன். அலுமினிய '80' காலியாகக் காலியாகப் பின்பக்கம் மிதந்து தொல்லை கொடுக்கும், சகித்துக்கொள்கிறேன். உங்கள் உண்மையான நிறுத்த நேரத்தை உங்கள் டைவ் கம்ப்யூட்டரில் ஓப்பன் சர்க்யூட்டில் வைத்துப் போட்டுப் பாருங்கள். லூப்பில் இருக்கும்போது காட்டும் நேரத்தைவிட அது நீளும். கோளாறு நேரத்தில் கம்ப்யூட்டரையும் அந்த முறைக்கு மாற்ற வேண்டும், பலர் மறப்பது இது.

எந்த வாயு என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'காற்றையே எடுத்துப் போகிறேன், 50 மீட்டர்தானே, ஓப்பன் சர்க்யூட்டில் போயிருக்கிறேனே' என்பார்கள். ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதை ஒரு பக்கம் இருக்கட்டும். வாயுவின் அடர்த்திதான் பிரச்சினை. ஆழம் கூடக்கூடக் காற்று கெட்டியாகிறது, நுரையீரல் அதை உள்ளே வெளியே தள்ளவே சிரமப்படுகிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் தங்குகிறது. டைவிங் ஆய்வாளர்கள் கேவின் ஆன்டனியும் சைமன் மிட்செலும் 2016-இல் சொன்ன அளவுகோலைத்தான் இன்று எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2-ஐத் தாண்டவே கூடாது. காற்று 30 மீட்டரிலேயே 5.2-ஐத் தொட்டுவிடும். 50 மீட்டரில் 7-க்கும் மேல். கார்பன் டை ஆக்சைடு ஏறியதால் லூப்பை விட்டவருக்கு, அதை வெளியேற்ற முடியாத வாயுவையே கொடுப்பது என்ன உதவி?

18 சதவீத ஆக்சிஜன், 45 சதவீத ஹீலியம், மீதி நைட்ரஜன் உள்ள ட்ரைமிக்ஸ் என்றால் அதே ஆழத்தில் லிட்டருக்கு 4.8 கிராம் அளவுதான். டைலுயன்டுக்கும் ஆழத்துச் சிலிண்டருக்கும் இரண்டுக்குமே அதையே போடுங்கள். ஹீலியம் விலை வயிற்றில் அடிக்கும்தான். ஆனால் பெயில்அவுட் சிலிண்டரில் உள்ள ஹீலியம் ஒரு டைவில் தீர்ந்துபோவதில்லை, சீசன் முழுக்க அப்படியே இருக்கும். ஒருமுறை செலவு.

அடர்த்தி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2005 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் புஷ்மன்ஸ் ஹோல் என்ற நீர்க்குகையில் டேவ் ஷா என்ற டைவர் இறந்ததைச் சொல்வார்கள். 270 மீட்டர் அளவிலான ஆழத்தில், பத்தாண்டுகளாக அங்கே கிடந்த ஒருவரின் உடலை மீட்கப் போனவர். அந்த அழுத்தத்தில் கெட்டியான வாயு, கூடவே உடலுழைப்பு, இரண்டும் சேர்ந்து நுரையீரலால் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற முடியாமல் போனது என்பதுதான் பின்னால் மருத்துவர்கள் எழுதிய விளக்கம். நாம் போகும் ஆழம் அதில் ஐந்தில் ஒன்று. ஆனால் நுரையீரல் அதேதான்.

50 சதவீத சிலிண்டரைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. 50 மீட்டரில் அதை வாயில் வைத்தால் ஆக்சிஜன் அழுத்தம் 3 பார். வலிப்புக்குச் சீட்டு வாங்கிய மாதிரி. அதன் ரெகுலேட்டர் சிலிண்டரோடு சேர்த்து ரப்பர் பட்டைக்குள் செருகியிருக்க வேண்டும், வால்வ் மூடியிருக்க வேண்டும். கழுத்துப் பக்கமே வரக் கூடாது. ஆழத்துச் சிலிண்டர் வேறு கதை. அதன் வால்வை நான் திறந்தே வைப்பேன், அதன் ரெகுலேட்டர் கழுத்து வளையத்தில் தாடைக்குக் கீழே. திறந்திருந்தால் கசிந்து வீணாகுமே என்பார்கள். கசிந்தால் குமிழி காதில் கேட்கும். மூடிக் கிடக்கும் வால்வ், அது தேவைப்படும் நொடி வரை சத்தமே போடாது.

அதாவது பிஓவி வாங்கினாலும் கழுத்து ரெகுலேட்டரைக் கழற்றிவிடாதீர்கள். பிஓவியே பழுதானால், நண்பருக்குக் கொடுக்க வேண்டி வந்தால், அதுதான் கை கொடுக்கும். பட்ஜெட் இடித்து இப்போதைக்குப் பிஓவி வாங்க முடியவில்லை என்றால், கழுத்து ரெகுலேட்டரோடு 30 மீட்டருக்குள் இந்த சீசனை ஓட்டுங்கள், ஹெர்மிஸ் எங்கும் போய்விடாது. எண்பது வருஷத்துக்கு மேலாக அங்கேதான் இருக்கிறது.

பங்கு போடும் யோசனை. குகை டைவர்களிடமிருந்து வந்தது இது. மூன்று பேர் குழு, ஒருவர் வெளியே வரத் தேவையானதைப் போல ஒன்றரை மடங்கு வாயுவை மூவரும் பிரித்துச் சுமப்பார்கள். இரண்டு லூப் ஒரே நேரத்தில் பழுதாகாது என்ற நம்பிக்கை. குகையில் ஒரே வழி, ஒரே கயிறு, பிரிந்துபோகும் வாய்ப்புக் குறைவு, அங்கே ஓரளவு நியாயம் இருக்கிறது. திறந்த கடலில், நீரோட்டத்தில், கப்பலின் இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் என்று இருக்கும் இடத்தில், உங்கள் மூச்சின் பாதி வேறொருவர் இடுப்பில் தொங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூடவே, மூன்று பேரும் ஒரே டப்பா சோடா லைமை, ஒரே நாளில், ஒரே வெயிலில் உட்கார்ந்து நிரப்பியிருப்பார்கள். இரண்டு லூப் ஒரே நேரத்தில் பழுதாகாது என்பதை யார் உறுதி சொல்வது?

இரண்டாவது ரீப்ரீதர். இதற்கு ஒரு நல்ல பரம்பரை இருக்கிறது. 1987 டிசம்பரில் ஃபுளோரிடாவின் வகுல்லா ஊற்றில் பொறியாளரும் குகை டைவருமான பில் ஸ்டோன், எல்லாவற்றையும் இரட்டையாக வைத்துத் தான் கட்டிய ரீப்ரீதரில் 24 மணி நேரம் தண்ணீருக்குள்ளேயே இருந்து காட்டினார். பல கிலோமீட்டர் நீளக் குகை, 100 மீட்டருக்கு மேற்பட்ட ஆழம் என்றால் ஓப்பன் சர்க்யூட் சிலிண்டர்களைச் சுமந்து மாளாது, அங்கே இரண்டாவது ரீப்ரீதர்தான் வழி. ஆனால் அதற்கு விலை உண்டு. சும்மா தொங்கும் லூப்பும் ஆழத்துக்கேற்ப நசுங்கும், விரியும். அதன் ஆக்சிஜன் அளவையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்காமல் விட்டால், அவசரத்தில் வாய்க்கு வரும் முதல் மூச்சிலேயே ஆக்சிஜன் குறைவாக இருக்கக்கூடும். ஓப்பன் சர்க்யூட் சிலிண்டரில் அந்தப் பயம் இல்லை, காலையில் சோதித்து எழுதி ஒட்டிய அதே வாயுதான் மாலையிலும் இருக்கும். நூறு மணி நேரம்கூட முதல் கருவியில் ஆகாத நிலையில் இரண்டாவதைச் சேர்த்தால், ஒரு தொல்லைக்கு மாற்றாக இரண்டு தொல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. மவுத்பீஸை வாயோடு பிடித்து வைக்கும் பட்டி. நூறு ரூபாய் சமாச்சாரம் மாதிரி தெரியும், யாரும் போடுவதில்லை, தாடையில் உறுத்துகிறது என்பார்கள். பிரெஞ்சுக் கடற்படை, ராணுவ ரீப்ரீதர் டைவர்களுக்கு 1979 முதல் 2009 வரை நடந்த 153 விபத்துகளை ஆராய்ந்தார்கள். 54 பேர் தண்ணீருக்குள் நினைவிழந்திருக்கிறார்கள். இறந்தவர்கள் 3 பேர். பட்டி இருந்தது, பக்கத்திலேயே துணை இருந்தார். மேலே சொன்னேனே, ஆக்சிஜன் குறைந்தோ கூடியோ நினைவு போனால் எந்த வால்வும் உதவாது என்று. அந்த இரண்டுக்கும் உதவக்கூடியது இது. பிஓவியோடு சேர்த்துப் போடலாம், ஒன்றுக்கொன்று இடையூறில்லை. பிஓவியின் எடையால் வரும் தாடை வலிக்கு இது கொஞ்சம் ஆறுதல்கூட.

பழக்கம் பற்றிக் கொஞ்சம். இறங்கும்போது 6 மீட்டரில் நின்று நெம்புகோலைத் திருப்பி மூன்று மூச்சு, திரும்ப லூப், அப்புறம் கழுத்து ரெகுலேட்டரில் மூன்று மூச்சு. ஒவ்வொரு டைவிலும். வால்வ் மூடியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கூடவே, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, நீச்சல் குளத்தில் கொஞ்ச தூரம் வேகமாக நீந்தி மூச்சு வாங்கும்போது மாறிப் பாருங்கள். நிதானமாக மிதந்துகொண்டு செய்யும் பயிற்சி கையைப் பழக்கும், வாயைப் பழக்காது. பெயில்அவுட் செய்து ஏறும்போது மூடிய லூப்புக்குள் இருக்கும் வாயு விரிந்து உங்களை மேலே தூக்கும் என்பதையும் அங்கேயே உணர்ந்துகொள்ளலாம். அதை வெளியேற்றும் வால்வ் எங்கே என்று தேடும் இடம் ஹெர்மிஸ் அல்ல.

முதலில் பிஓவி, அப்புறம் பட்டி, அப்புறம் இரண்டாவது '80' சிலிண்டர், கடைசியில் ஹீலியம். இந்த வரிசையில் காசைப் பிரியுங்கள். சிலிண்டரை அங்கேயே வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் '80' கிடைக்குமா, 50 சதவீதக் கலவை நிரப்புவார்களா, ட்ரைமிக்ஸ் உண்டா என்று டிக்கெட் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். வாயுவைச் சோதிக்கும் மீட்டரை மட்டும் உங்களுடையதாகவே எடுத்துப் போங்கள்.